நாளிதழில் விளம்பரம் போட்டும் ஆள் வரவில்லையா? குறை எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

விளம்பரம் பலன் தரவில்லை என்றதும் நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கடைக்காரர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். அடுத்த தடவை அளவைப் பெரிதாக்குவார்கள். இல்லாவிட்டால் "இனி பேப்பரே வேண்டாம்" என்று விட்டுவிடுவார்கள். இரண்டுமே குறை எது என்று பார்க்காமல் எடுக்கிற முடிவு. கடை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஆள் வராமல் போயிருந்தால், அரைப் பக்கம் போட்டாலும் வரமாட்டார்கள்.

நாளிதழ் ஊறிய ஊர் இது. தினத்தந்தியை 1942-இல் மதுரையில் தொடங்கிய சி.பா.ஆதித்தனார் திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழிக்காரர். 1951-இல் திருவனந்தபுரத்தில் பிறந்த தினமலர் 1957-இல் நெல்லைக்கு வந்தது. டீக்கடையில் ஒரே தாளை நாலு பேர் பிரித்துப் படிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் "பேப்பரை யார் பார்க்கிறார்கள்" என்று தொடங்காமல், நம் விளம்பரம் எந்த இடத்தில் அறுந்தது என்று பார்ப்போம். கண்ணில் படுவது, படிப்பது, நம்புவது, யார் கடை என்று பதிவது, வழி தெரிந்து வருவது என்று இது வரிசையாக நடக்க வேண்டும். கீழே தலைப்பாக இருப்பவை கடைக்காரர்கள் சொல்லும் குறைகள். உங்கள் குறை எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

"ஒருத்தரும் பாத்ததாவே சொல்லலியே"

முதலில் வெளியான தாளையே எடுங்கள். கணினித் திரையில் இருக்கும் வடிவமைப்பு இங்கே உதவாது. அந்தப் பக்கத்தை முழுதாக விரித்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். கண் எங்கே போகிறது? செய்திப் படத்துக்குப் போகிறதா, பக்கத்து விளம்பரத்துக்கா, உங்களுடையதற்கா?

உங்களுடையதற்குப் போகவில்லை என்றால் பத்தில் எட்டுத் தடவை காரணம் நெரிசல்தான். மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே குலதெய்வம் துணை, ஒரு ஓரத்தில் நிறுவனர் படம், இன்னொரு ஓரத்தில் இப்போதைய முதலாளி படம், நடுவில் வெடித்துச் சிதறுகிற நட்சத்திரத்துக்குள் தள்ளுபடி, கீழே பொருள் பட்டியல், கிளைகள், நாலு செல்போன் எண்கள். எல்லாம் ஒரே அளவில் நிற்பதால் எதுவும் கண்ணைப் பிடிப்பதில்லை.

இதற்கு ஒரே மருந்துதான். ஒன்றைப் பெரிதாக்குங்கள், மற்றதைச் சிறிதாக்குங்கள், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். எடுத்த இடத்தை வேறு எதையாவது போட்டு நிரப்பாமல் வெள்ளையாகவே விடுங்கள். 1959-இல் அமெரிக்காவில் வோக்ஸ்வேகன் காருக்கு வந்த ஒரு விளம்பரத்தில், பக்கத்தின் பெரும் பகுதி வெறுமையாக இருந்தது. ஒரு மூலையில் சின்னதாக ஒரு கார். "சின்னதாக யோசியுங்கள்" என்று ஒரு தலைப்பு. எல்லாரும் பெரிய காரைப் பெரிய படமாகப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், கார் சின்னது என்பதையே அந்த வெள்ளை இடம் காட்டிக் கொடுத்தது. நம் நாளிதழ்ப் பக்கங்கள் மிக அடர்த்தியானவை. அதனாலேயே 8-க்கு 10 செ.மீ. விளம்பரத்தில் ஐந்து வார்த்தையும் சுற்றிலும் வெள்ளையும் இருந்தால், பக்கத்தில் இருக்கும் கால் பக்கத்தைவிட அது முதலில் தெரியும். "காசு கொடுத்த இடத்தைச் சும்மா விடணுமா" என்று அண்ணாச்சிமார் கேட்பார்கள். சும்மா விடவில்லை. மீதி எழுத்து கண்ணில் படுவதற்குக் கொடுக்கிற விலை அது.

தாத்தா படத்தை எடுக்கச் சொன்னால் மனம் வராது. நியாயம்தான், அவர் தொடங்கிய கடை. அப்படியானால் கடையின் ஆண்டு நாளில் முழு இடத்தையும் அவருக்கே கொடுங்கள். அவர் எப்படி வியாபாரம் செய்தார் என்று நாலு வரி எழுதுங்கள். அந்த விளம்பரத்தை ஊரே படிக்கும். தள்ளுபடி விளம்பரத்தின் ஓரத்தில் தபால்தலை அளவில் அவரை வைப்பது அவருக்கும் மரியாதை இல்லை.

நெரிசல் இல்லாமலும் கண்ணில் படவில்லை என்றால் பக்கத்தையும் இடத்தையும் பாருங்கள். கண்ணீர் அஞ்சலிகளுக்கு நடுவே கல்யாணப் பட்டு விளம்பரம் விழுந்திருக்கலாம். மடிப்புக்குக் கீழே போயிருக்கலாம். எந்தப் பக்கம் என்று கேட்டு வாங்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள்: விளம்பரத்தை நிஜ அளவில் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, நேற்றைய பேப்பரில் அதே பக்கத்தில் ஒட்டி, விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் புரட்டச் சொல்லுங்கள். அவர் நிற்காமல் தாண்டிப் போனால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

"பாத்திருக்காங்க, ஆனா வேற கடைன்னு நெனச்சிட்டாங்க"

எனக்குத் தெரிந்து மிக அதிகமாக வருகிற குறை இதுதான். சரியாகப் பார்க்கப்படாத குறையும் இதுதான். ஆடி மாதம் நெல்லைப் பதிப்புகளைப் புரட்டினால் இது புரியும். எல்லாத் துணிக்கடையும் சிவப்பு மஞ்சள், எல்லாரிடமும் சதவீதக் குறி, எல்லாரிடமும் கூப்பிய கையோடு ஒரு பெண். வாசகர் விளம்பரத்தைப் பார்த்தார். ஊரிலேயே பெரிய கடை எதுவோ அதன் பெயரை அவர் மனமே ஒட்டிக்கொண்டது. நீங்கள் காசு கொடுத்து எதிர்க்கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறீர்கள்.

சோதனை எளிது. உங்கள் கடைப் பெயரை மறைத்துவிட்டு அந்த இடத்தில் எதிர்க்கடைப் பெயரை எழுதிப் பாருங்கள். விளம்பரம் அப்போதும் பொருந்துகிறதா? "தரம், நம்பிக்கை, பாரம்பரியம்", "அனைத்து வகையான", "ஒருமுறை வாருங்கள், வாடிக்கையாளர் ஆவீர்கள்" எல்லாம் யாருக்கும் பொருந்தும். யாருக்கும் பொருந்துவது உங்களுக்கு உதவாது.

சரி, உங்களுக்கு மட்டும் பொருந்துவதை எங்கே தேடுவது? விளம்பரத்தில் கற்பனை என்பது வடிவமைப்பவர் தலையிலிருந்து வருவது என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது கல்லாவுக்குப் பக்கத்திலும் பின்கட்டிலும்தான் கிடைக்கிறது. ஒரு சாயங்காலம் கடையில் உட்கார்ந்து கவனியுங்கள். வாடிக்கையாளர் வந்ததும் முதலில் என்ன கேட்கிறார்? வேலையாட்களுக்கு எந்த வேலை அதிக நேரம் பிடிக்கிறது? லாபம் வரும் என்றாலும் எதை நீங்கள் விற்க மாட்டீர்கள்? இந்த மூன்று கேள்விக்கும் நேர்மையான பதில் கிடைத்தால் தலைப்பு அதற்குள் இருக்கும்.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதுவது: "உலகப் புகழ் பெற்ற பத்தமடைப் பாய்கள் அனைத்து அளவுகளிலும் கிடைக்கும்". இதை யாரும் எழுதலாம். கோரையைத் தண்ணீரில் ஊறவைத்து, நூல் போலக் கீறி, கையால் நெய்கிறார்கள். கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தரும் வழக்கமும் உண்டு. அப்படியானால் விளம்பரம் இப்படி இருக்கலாம்: "மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருகிறோம். தை முகூர்த்தம் என்றால் கார்த்திகைக்குள் பெயரைச் சொல்லிவிடுங்கள்." இரண்டே வரி. இது கைவேலை, நேரம் பிடிக்கும், உங்கள் வீட்டுக்கென்றே செய்யப்படுவது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. வாசகர் என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்பதும் இருக்கிறது. தரம் என்ற சொல்லே வரவில்லை, ஆனாலும் தரம் புரிகிறது.

இன்னொன்று. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை. ஜூன் வந்தால் சீருடை விளம்பரத்துக்கும் குறைவில்லை. ஒரு கடையில் கீழ்மடிப்பில் கூடுதல் துணி விட்டுத் தைக்கிற பழக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "மடிப்பில் 3 அங்குலம் கூடுதலாக விட்டிருக்கிறோம். அடுத்த ஜூனில் இறக்கித் தருவோம், கூலி வேண்டாம்." பிள்ளை வளர்த்தியைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும் தாய்க்கு இது போதும். படத்துக்குச் சிரிக்கிற குழந்தை வேண்டாம். பாவாடையின் கீழ்மடிப்பு ஒன்றை அருகில் எடுத்துப் போடுங்கள். யாரும் போடாத படம் அது, சொல்ல வந்ததும் அதிலேயே இருக்கிறது.

மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்ப்பவர் என்றால்: "எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும் கொண்டு வாருங்கள். திறந்து பார்த்துக் குறையைச் சொல்லக் காசு இல்லை." கருப்பட்டி விற்பவர் என்றால்: "வாங்கும் முன் உடைத்து ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டால் வாங்க வேண்டாம்." எல்லாரும் "சீனி கலக்காதது" என்று சொல்லும் ஊரில், உடைத்துத் தருகிறேன் என்பவரை நம்பத் தோன்றும். ஆனால் எழுதியதைக் கடையில் அப்படியே செய்ய வேண்டும். கருப்பட்டியை உடைத்துத் தர வேலைக்கார அக்கா யோசித்தால், அன்றைக்கே விளம்பரம் பொய்யாகிவிடும்.

இருட்டுக்கடை அல்வா என்றதும் எல்லார் மனதிலும் கீழ ரத வீதியும் சாயங்கால வரிசையும்தான் வருகின்றன. அதை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது. அல்வாக் கடைகள் "ஒரிஜினல்" என்று போட்டுக்கொள்வதைவிட, தங்களுக்கென்று இருக்கிற ஒரு நேரத்தையோ பக்குவத்தையோ சொன்னால் நிற்கும்.

கண்டுபிடித்த உண்மையைப் பிறகு மாற்றாதீர்கள். பெயர் நிற்கும் இடம், எழுத்துரு, ஓரக்கோடு மூன்றையும் ஒரு வருடமாவது அப்படியே வைத்திருங்கள். படிப்பதற்கு முன்பே வடிவத்தைப் பார்த்து "இது அவங்க கடை" என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதுசாக வேண்டும் என்று கேட்பது முதலாளிக்குச் சலித்துப்போவதால்தான். வாசகர் அப்போதுதான் பழக ஆரம்பித்திருப்பார்.

"போன் வருது, ஆனா வாங்குற ஆளு இல்ல"

விளம்பரம் தவறான ஆட்களைக் கூப்பிடுகிறது, அல்லது சரியான ஆட்களிடம் பாதியை மறைக்கிறது. மனை விளம்பரங்கள் நல்ல உதாரணம். "ஜங்ஷனிலிருந்து 15 நிமிடம்" என்றிருக்கும். எந்த வண்டியில், எந்த நேரத்தில் என்று இருக்காது. "சென்ட் ரூ. ... முதல்" என்றிருக்கும், அந்த விலைக்கு ஒரே ஒரு மூலை மனை இருக்கும். போன் மணி ஓயாது, மாலைக்குள் எல்லாரும் கோபத்தோடு வைத்துவிடுவார்கள்.

இதற்கு வழி, வேண்டாதவர்களை விளம்பரத்திலேயே வடிகட்டுவது. விலை எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, சராசரியாக ஒரு மனை எத்தனை சென்ட், பேருந்து நிறுத்தத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், தண்ணீர் எத்தனை அடியில் என்று எழுதுங்கள். அழைப்பு குறையும். வருகிற அழைப்பு வியாபாரமாகும். மனைத் திட்டம் 500 சதுர மீட்டருக்கு மேல் என்றாலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் என்றாலோ, ரியல் எஸ்டேட் சட்டம் 2016-இன்படி பதிவு செய்யாமல் விளம்பரமே போடக் கூடாது. பதிவு எண்ணும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணைய முகவரியும் விளம்பரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். அதைச் சட்டத்துக்காக மூலையில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். மேலே எடுத்து வைத்துப் பாருங்கள், வாங்க வருபவர் முதலில் தேடுவதே அதைத்தான்.

"எல்லாரும் நல்லாருக்குன்னாங்க, வியாபாரம் ஆகல"

பாராட்டு விளம்பரத்துக்குக் கிடைத்திருக்கிறது, பொருளுக்குக் கிடைக்கவில்லை. 2010 செப்டம்பரில் வோக்ஸ்வேகன் இந்தியாவில் தன் புதிய காருக்கு, நாளிதழை விரித்தால் ஒளி பட்டுப் பேசுகிற சில்லு ஒன்றை ஒட்டி விளம்பரம் செய்தது. நாடே அதைப் பற்றிப் பேசியது. புதிதாக வரும் காரின் பெயர் எல்லார் வாயிலும் விழ வேண்டும் என்பது நோக்கமாக இருந்தால் அது சரி. தச்சநல்லூரில் டைல்ஸ் கடை வைத்திருப்பவருக்கு அடுத்த மாதம் வீடு கட்டி முடிக்கிற நூறு குடும்பங்கள் வந்தால் போதும்.

சோதனை: விளம்பரத்தைப் பார்த்த ஒருவரிடம் "அதுல என்ன போட்டிருந்துச்சு?" என்று மறுநாள் கேளுங்கள். சிலேடையை மட்டும் சொல்லிச் சிரித்தால் அது தோற்றுவிட்டது. பொருளைச் சொன்னால், சிலேடை மறந்துபோனாலும் பரவாயில்லை. எதுகை மோனைக்கும் இதே அளவுகோல்தான். பொருளும் அதன் பயனும் எதுகைக்குள் உட்கார்ந்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். "அருமை, பெருமை, இனிமை" என்று ஓசைக்காக வந்தால் எடுத்துவிடுங்கள்.

"கம்ப்யூட்டர்ல பளிச்சுனு இருந்துச்சு, அச்சுல முகம் கறுத்துக் கெடக்கு"

இது தொழில்நுட்பக் குறை, முழுவதும் சரிசெய்யக்கூடியது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாளிதழ்த் தாள் ஒரு சதுர மீட்டருக்கு 45 கிராம் அளவில் இருக்கும் மெல்லிய தாள். மையை உறிஞ்சும். அச்சுப் புள்ளி விழுந்த இடத்திலேயே நிற்காமல் விரியும். திரையில் 50 சதவீதம் என்று கொடுத்த சாயல், தாளில் 75-க்குப் பக்கமாக வந்து நிற்கும். அதனால்தான் மாநிறமான முகங்கள் கறுத்துப் போகின்றன, பட்டுச் சேலையின் மடிப்புகள் ஒரே திட்டாகின்றன. படத்தின் நடுச்சாயலை (மிக வெளிச்சமும் மிக இருட்டும் இல்லாத பகுதியை) உங்களுக்கே வெளிறித் தெரியும் அளவுக்கு ஏற்றி விடுங்கள். நிழலையும் வெளிச்சத்தையும் நன்றாகப் பிரியுங்கள். பின்புலத்தை எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நாலும் ஒரு இடத்தில் விழும் சதவீதங்களைக் கூட்டினால் (நிறத்துக்கு 100 வீதம் 400 வரை போகலாம்) 240-க்குள் இருக்க வேண்டும். வார இதழ்களின் வழுவழுப்பான தாளுக்கு என்று செய்த கோப்பை அப்படியே நாளிதழுக்கு அனுப்பினால் இந்த அளவு தாண்டி, மறுபக்கம் மை தெரியும், எதிர்ப் பக்கத்தில் ஒட்டும்.

எழுத்துக்கு வெறும் கறுப்பு மட்டுமே போதும். நாலு நிறத்தையும் கலந்து கறுப்பாக்கினால், வேகமாக ஓடும் இயந்திரத்தில் நிறங்கள் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் விழும். அடர் நிறப் பட்டையில் வெள்ளை எழுத்து வைப்பதாக இருந்தால் தடித்த எழுத்தாகவும் 12 பாயிண்ட் அளவுக்குக் குறையாமலும் வையுங்கள். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். ணகரமும் றகரமும் அடைத்துக்கொண்டால் செல்போன் எண்ணைவிட முதலில் போவது கடைப் பெயர்தான்.

லோகோவையும் படங்களையும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். டாக்குமெண்ட் என்று தேர்வு செய்து அனுப்புங்கள். அச்சாகும் அளவில் படம் அங்குலத்துக்கு 200 புள்ளி இருந்தால் போதுமானது.

அப்புறம் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த மேட்டரை யூனிகோடுக்கு மாற்றும்போதும், பழைய வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு ஒட்டும்போதும் கொம்புகள் இடம் மாறும். "கொலு" என்பது வேறு ஏதோவாகிவிடும். எழுத்துகளைக் கோட்டுருவாக (அவுட்லைனாக) மாற்றிய பிறகு பி.டி.எஃப். எடுங்கள். அந்தப் பி.டி.எஃபை இன்னொரு கணினியிலும் ஒரு செல்போனிலும் திறந்து, எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஓகே சொல்லுமுன் செல்போன் எண்ணைப் படிப்பதோடு நிறுத்தாமல், போட்டுப் பார்த்து மணி அடிக்கிறதா என்று கேளுங்கள்.

"வரணும்னு நெனச்சவங்க வழி தெரியாம நின்னாங்க"

கதவு எண்ணும் தெருப் பெயரும் தபால்காரருக்கு உதவும். நம் ஊரில் ஆட்கள் அடையாளத்தை வைத்துத்தான் வருகிறார்கள். டவுன் ஆர்ச்சிலிருந்து எந்தப் பக்கம், ஈரடுக்கு மேம்பாலம் இறங்கி எத்தனையாவது கடை, வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரிலா பின்புறமா என்று எழுதுங்கள். அம்பாசமுத்திரத்திலிருந்தோ நாங்குநேரியிலிருந்தோ பேருந்தில் வருபவர் எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதும் இருந்தால் நல்லது. செல்போன் எண் ஒன்று போதும். ஆனால் நாளிதழ் விடியற்காலையில் வந்துவிடுகிறது. ஆறரை மணிக்கு அந்த எண்ணை எடுக்க ஆள் வேண்டும், பத்து மணிக்குக் கடை திறந்த பிறகு என்றால் பாதிப் பேர் மறந்திருப்பார்கள்.

கியூ.ஆர். கட்டம் வைத்தால் இரண்டரை செ.மீ.க்குக் குறையாமல், வெள்ளையில் கறுப்பாக, சுற்றிலும் இடம் விட்டு, பக்க மடிப்பில் விழாதபடி வையுங்கள்.

"விளம்பரம் சரிதான், போட்ட நாளுதான் சரியில்ல"

சுவரொட்டிக்கும் பலகைக்கும் இல்லாத ஒன்று நாளிதழுக்கு உண்டு: இன்றைய தேதி. இதைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1966-இல் தொடங்கிய அமுல் விளம்பரச் சிறுமி இத்தனை வருடம் தாண்டியும் நிற்பதற்கு, அன்றன்று ஊர் பேசுவதை அவளும் பேசியது ஒரு முக்கியக் காரணம்.

நம் பக்கத்துக்கு இதைக் கொண்டுவருவது கடினமில்லை. பாபநாசம் அணையிலிருந்து கார் சாகுபடிக்கு (முதல் போக நெல்லுக்கு) தண்ணீர் திறந்த செய்தி வந்த மறுநாள், சேரன்மகாதேவி விதைக்கடை ஒன்று சின்னதாகப் போடலாம்: "அணை திறந்தாச்சு. விதைநெல் வந்தாச்சு." மேட்டரை முன்பே தயாராக வைத்திருந்து, செய்தி வந்த அன்று கொடுத்தால் போதும். பிசான (இரண்டாம் போக நெல்) அறுவடைப் பணம் கைக்கு வருகிற மாசி, பங்குனியில்தான் ஆற்றுப் பாசன ஊர்களில் பெரிய சாமான் வாங்குவார்கள். ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிகளில் வண்டி போகாது. டவுன் கடைக்காரர் அன்று தள்ளுபடி போட்டுவிட்டு ஆள் வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. "தேர் பார்க்க வாறீங்களா? செருப்பையும் பையையும் எங்கள் கடையில் வைத்துவிட்டுப் போங்கள்" என்று போட்டால் அந்தக் குடும்பம் திரும்பி வரும்போது கடைக்குள்தான் வரும்.

நாள் பார்ப்பதில் இன்னொரு பக்கமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18-இல் நெல்லையும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மூழ்கின. அப்படிப்பட்ட வாரத்தில் முன்பே கொடுத்து வைத்த "ஆண்டு இறுதி அதிரடி" அப்படியே வெளியாகக் கூடாது. நாளிதழுக்குப் போன் செய்து நிறுத்துங்கள். போட வேண்டும் என்றால் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவருக்கு உதவுகிற ஒன்றைப் போடுங்கள்: "நனைந்த மோட்டார், மிக்ஸி, பிரிட்ஜ் எதற்கும் சுவிட்ச் போடாதீர்கள். முதலில் எங்களைக் கூப்பிடுங்கள்." அது வியாபாரமும்கூட. ஆனால் முதலில் அக்கறை, வாசகருக்கு அந்த வரிசை தெரியும்.

"ஒரு நாள் கூட்டம், அப்புறம் ஒண்ணுமில்ல"

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான தமிழ் நாளிதழ்களில் பக்கத்துக்கு 8 காலம், ஒரு காலம் சுமார் 4 செ.மீ. அகலம். கட்டணம் சதுர செ.மீ.க்கு. புரிவதற்காக 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு கால அகலத்தில் 25 செ.மீ. உயரம் என்றால் 400 சதுர செ.மீ., 40,000 ரூபாய், அதற்கு மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. அதே பணத்தில் இரண்டு காலம், 10 செ.மீ. விளம்பரம் ஐந்து தடவை வரும். திறப்பு விழா, இடமாற்றம், ஒரே ஒரு நாள் விற்பனை என்றால் பெரியதை ஒரு தடவை போடுங்கள். பழுது பார்ப்பது, பல் மருத்துவமனை, டியூஷன், கல்யாண மண்டபம் போன்றவை வாசகருக்குத் தேவை எப்போது வரும் என்று தெரியாதவை. அங்கே சின்னதாக, ஒரே கிழமையில், ஒரே பக்கத்தில் தொடர்ந்து வருவதுதான் பலன் தரும். பதிப்பையும் கேளுங்கள். நெல்லைப் பதிப்பு பெரும்பாலும் தென்காசி, தூத்துக்குடிப் பக்கமும் போகும். பெருமாள்புரத்தில் மாவு அரைக்கும் கடைக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். அதற்கு பேப்பருக்குள் வைத்துப் போடும் நோட்டீஸே போதும்.

"புகார் வந்துட்டு"

சர்க்கரை நோயைக் குணமாக்குவோம் என்ற வரி இருந்தால் உடனே நிறுத்துங்கள். 1954-ஆம் ஆண்டு மருந்து, மாய மருத்துவ விளம்பரச் சட்டம் 54 நோய்களுக்கும் நிலைகளுக்கும் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. நீரிழிவும் புற்றுநோயும் அதில் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம். "நிபந்தனைக்கு உட்பட்டது" என்று எறும்பு எழுத்தில் போட்டால் தப்பிக்க முடியாது. 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகள், மறுப்புக் குறிப்பு விளம்பரத்தின் அதே மொழியிலும் அதே எழுத்துருவிலும் இருக்க வேண்டும் என்கின்றன. அந்த விலைக்குத் தரச் சரக்கு இல்லாமல் விலை போட்டு இழுப்பதும் குற்றம்தான்.

"வேல செஞ்சுதா இல்லியான்னே தெரியல"

ஆடியில் விளம்பரம் போடாத கடையிலும் கூட்டம் இருக்கும். அதனால் கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அளப்பதற்கு ஒரு பிடி வேண்டும். விளம்பரத்தில் மட்டும் சொன்ன ஒரு பொருள் இருக்கட்டும், கடைக்குள் எங்கும் அதை எழுதி வைக்காதீர்கள். அதைக் கேட்டு வருபவர் பேப்பர் பார்த்து வந்தவர். வெட்டிக் கொண்டுவரும் கூப்பன் பழைய முறை. ஆனால் டீக்கடையில் படிப்பவரால் பேப்பரை வெட்ட முடியாது. அவருக்குச் சொல்லிக் கேட்க ஒரு வார்த்தை கொடுங்கள்: "மடிப்புத் துணின்னு சொல்லுங்க" என்பது போல. இரண்டு நாளிதழில் போட்டால் இரண்டு எண் கொடுங்கள். நாகர்கோவில் பதிப்பிலும் போடுகிறவர் அங்கே ஒரு தலைப்பு, இங்கே ஒரு தலைப்பு என்று வைத்துப் பார்க்கலாம்.

கல்லாவில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, எந்தப் பேப்பர், எந்தப் பக்கம், என்ன தலைப்பு, எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள். அடுத்த தடவை மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தலைப்பை மாற்றினால் அளவையும் நாளையும் தொடாதீர்கள். மாற்ற வேண்டியது எது என்று தெரியாவிட்டால் தலைப்பிலிருந்து தொடங்குங்கள். அதற்கு மட்டும்தான் கூடுதல் கட்டணம் கிடையாது.